வராந்தா மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரிய கருப்பு அந்துப்பூச்சி என்ன இனம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சுருக்கிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் ஓட்டு வீடு, கொல்லையில் மாமரமும் பலாவும். வராந்தா உத்தரத்துக்குக் கீழே, உள்ளங்கையை விரித்து வைத்த அளவில் ஒரு கருப்புப் பூச்சி இரண்டு நாளாக அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கையில் கண் மாதிரி குறி. படத்தைக் கைப்பேசிச் செயலியில் போட்டால் ‘பிளாக் விட்ச்’ என்று பெயர் காட்டுகிறது. அந்தப் பெயரைத் தேடினால் மெக்சிகோவில் அது சாவுக்கு அறிகுறி என்று எழுதியிருக்கிறது. அத்தையும் கருப்பு வீட்டுக்கு ஆகாது என்கிறார். கைக்குழந்தை வேறு இருக்கிறது. இது என்ன பூச்சி, விஷமா, அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைவிட, பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: பயப்பட ஒன்றுமில்லை. இது கடிக்காது, கொட்டாது, துணியைத் தின்னாது. அடிக்கவும் வேண்டாம், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

இனி பெயருக்கு வருவோம். நான் படித்தது வேளாண் பூச்சியியல். இத்தனை வருடமும் பயிரைத் தின்னும் புழுக்களோடும், வயலில் வைக்கும் விளக்குப் பொறிகளோடும்தான் பிழைப்பு. அந்துப்பூச்சி வகைப்பாட்டையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. உங்கள் படமும் கீழேயிருந்து, ஃபிளாஷ் போட்டு எடுத்தது. ஒரு பக்க இறக்கை வெளுத்துப் போயிருக்கிறது. ஆனாலும் அந்தப் படத்திலிருந்தே சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். இது எரிபிடே குடும்பத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சி, எரிபஸ் பேரினம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பேரினத்துக்குள் எரிபஸ் மேக்ராப்ஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது ‘அதிகம்’ மட்டுமே, முடிவு அல்ல. ஆணா பெண்ணா என்பதை இந்தப் படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

எப்படிச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அடுத்த முறை உங்களுக்கே உதவும். எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்துப்பூச்சி விஷயத்தில் நிறம் மிகக் கடைசியாகப் பார்க்க வேண்டியது. மங்கல் வெளிச்சத்தில் காப்பிக்கொட்டை நிறம், சாம்பல், கரும்பச்சை எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். இறக்கையின் நிறமும் மினுமினுப்பும் மேலே அடுக்கியிருக்கும் செதில்களால் வருபவை. பூச்சிக்கு வயதாக ஆகச் செதில் உதிர்ந்து வெளிறிப் போகும். நான் முதலில் பார்ப்பது உட்கார்ந்திருக்கும் விதம். இறக்கையைச் சுவரோடு சுவராகத் தட்டையாக விரித்திருக்கிறதா, முதுகின் மேல் கூரைபோல மடித்திருக்கிறதா, செங்குத்தாகச் சேர்த்து மூடியிருக்கிறதா? அடுத்து உடம்பு: ஒல்லியா, விரல் பருமனா? அதற்கப்புறம் கண் குறி முன்னிறக்கையில் இருக்கிறதா, பின்னிறக்கையில் இருக்கிறதா என்பது. பிறகுதான் அளவு. நிறத்துக்கு முறை வருவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

உங்கள் பூச்சி இறக்கைகள் நான்கையும் தட்டையாக விரித்து உட்கார்ந்திருக்கிறது. இறக்கைகளின் பரப்போடு பார்த்தால் உடம்பு சிறியது. இரண்டு முன்னிறக்கையிலும் ஆளுக்கொன்றாகப் பெரிய கண். அந்தக் கண் முழு வட்டம் இல்லை; ஓரத்தில் நீலச் சாயல் மினுக்கும் பிறை போன்ற கோடும், உள்ளே பழுப்பும் கருப்பும் சுழித்துக்கொண்டும் இருக்கும். முன்னிறக்கையில் ஓடும் நெளிகோடுகள் பின்னிறக்கையிலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலிருக்கும். அதனால் நான்கு இறக்கையும் சேர்ந்து ஒரே பட்டையாகத் தெரியும். இதெல்லாம் எரிபஸ் மேக்ராப்ஸுக்குப் பொருந்துகிறது. விரித்த இறக்கை முனையிலிருந்து முனைவரை சுமார் 12 சென்டிமீட்டர் வரும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக உள்ள பூச்சி இது. இதன் புழு வேல மர வகைகளின் இலையைத் தின்று வளரும். நம் ஊரில் வேலத்துக்குப் பஞ்சமா?

பிறகு ஏன் தயங்குகிறேன் என்றால், இதே பேரினத்தில் எரிபஸ் ஹியரோகிளிஃபிகா என்று இன்னொன்று உண்டு. அது கொஞ்சம் சிறியது, சுமார் 9 சென்டிமீட்டர். இன்னும் கருப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஊதா மினுக்கும். சிலவற்றில் முன்னிறக்கையில் வெளிறிய பட்டையோ திட்டோ இருக்கும். உங்கள் படத்தில் ஃபிளாஷ் அடித்து வெளுத்திருப்பது சரியாக அந்த இடம்தான். ‘உள்ளங்கை அளவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உள்ளங்கை எவ்வளவு என்று எனக்கெப்படித் தெரியும்? 12 சென்டிமீட்டர் என்று அளந்து சொன்னால் மேக்ராப்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வாகை மரத்தடியில் ஸ்பிராமா என்ற பேரினத்துப் பூச்சிகளும் கிடைக்கும். அவற்றின் முன்னிறக்கையிலும் நத்தை ஓடுபோலச் சுழித்த கண் குறி உண்டு. ஆனால் அவை இன்னும் சிறியவை, 6 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். உங்களுடையது அதுவல்ல.

செயலி காட்டிய பிளாக் விட்ச் பற்றி. அது அஸ்கலாஃபா ஓடோராட்டா. 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சி. பிரேசிலிலிருந்து மெக்சிகோ, கரீபியத் தீவுகள், அமெரிக்காவின் தென்பகுதி வரை காணப்படுவது. ஹவாய்த் தீவுகளிலும் குடியேறிவிட்டது. தென்காசியில் அதற்கு வேலை இல்லை. அதுவும் எரிபிடே குடும்பம்தான் என்பதால் அளவும் உட்காரும் விதமும் ஒத்துப் போகின்றன. அந்தப் பூச்சியின் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நம் ஊர்ப் பூச்சிகளின் படங்கள் அந்த அளவுக்கு இல்லை. செயலி எது அதிகம் கிடைக்கிறதோ அதன் பக்கம் சாய்கிறது. குறியைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிளாக் விட்ச்சின் முன்னிறக்கையில் இருப்பது கமா அளவுக்குச் சின்ன குறி. பெரிய கண் வடிவம் பின்னிறக்கையின் கீழோரத்தில்தான் இருக்கும். உங்களுடையதில் பெரிய கண் முன்னிறக்கையில் இருக்கிறது. செயலி தரும் பெயரை முதல் ஊகமாக எடுத்துக்கொண்டு, அந்த இனம் இந்தியாவில் இருக்கிறதா என்று பரவல் வரைபடத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்களுக்குப் பதில் எழுதிவிட்டால் இன்னும் பலர் தங்கள் வீட்டுக் கருப்புப் பூச்சியை இதில் பொருத்திப் பார்ப்பார்கள் என்பதால், குழப்பக்கூடிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் பீதி கிளப்புவது மண்டையோட்டு அந்துப்பூச்சி. உடம்பு கட்டைவிரல் பருமன், இறக்கைகள் குறுகலானவை, உட்காரும்போது பின்னோக்கிச் சாய்த்து உடம்பை மூடிக்கொள்ளும். மார்பின் மேல் மண்டையோடு போல வெளிர்மஞ்சள் குறி. தொந்தரவு செய்தால் இறக்கையைத் தூக்கும்; அப்போது வயிற்றில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டைகள் தெரியும். கையில் பிடித்தால் ‘கீச்’ என்று கத்தும். பூச்சி கத்துகிறது என்று நான் சொல்லி நம்பாத விவசாயிகள் உண்டு, பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறியவர்களும் உண்டு. தொண்டைக்குள் காற்றை இழுத்து உறிஞ்சுகுழல் வழியாகத் தள்ளி அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. அந்த உறிஞ்சுகுழல் கட்டையாக, முரடாக இருக்கும்; பூவில் தேன் குடிக்க அல்ல, தேன்கூட்டுக்குள் நுழைந்து அடையைத் துளைத்துக் குடிக்க. நம் பக்கம் இதில் 2 இனங்கள்: அக்கெரான்டியா ஸ்டிக்ஸ், அக்கெரான்டியா லாக்கெசிஸ். இரண்டுக்கும் பின்னிறக்கை மஞ்சள்தான். அதன் அடிப்பகுதி கருப்பாக இருந்தால் லாக்கெசிஸ். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது பின்னிறக்கை தெரியாது. கிளப்பினால்தான் தெரியும், கிளப்பினால் பறந்துவிடும். மூன்றாவதான அட்ரோபோஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பாவுக்குரியது. எள் போட்டவர்களுக்கு இதன் புழு பழக்கமானதுதான். விரல் நீளத்துக்கு, பக்கவாட்டில் சாய்கோடுகளோடு, வால் பக்கம் ஒரு கொம்போடு ஒரே இரவில் ஒரு செடியை மொட்டையடிக்கும். அந்தக் கொம்பும் குத்தாது. புழுவைக் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும், மருந்து அடிக்கத் தேவையில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய வீடு என்பதால் அட்லஸ் அந்துப்பூச்சியும் எப்போதாவது வரும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது அட்டாகஸ் டாப்ரோபேனிஸ் என்ற இனம். அதைக் கருப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், செம்பழுப்பு. இறக்கையில் கண்ணாடி வைத்தது போல ஒளி ஊடுருவும் முக்கோணங்கள் இருக்கும். விரித்தால் 20 சென்டிமீட்டரைத் தொடும். வளர்ந்த பிறகு அது எதுவும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்ததைக் கொண்டு சில நாட்கள் வாழ்ந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப் போகும். மாதுளை, எலுமிச்சைத் தோட்டம் இருந்தால் பழத்தைத் துளைக்கும் யூடோசிமா வரும்; மேலே காய்ந்த இலை நிறம், இறக்கையைத் தூக்கினால் உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு. அதன் புழு சீந்தில் கொடியில் வளரும். அந்தி நேரத்தில் விளக்கடியில் தத்தித் தத்திப் பறக்கும் பழுப்புப் பூச்சி ஒன்று உண்டு, சாயங்கால வண்ணத்துப்பூச்சி வகை. அது இறக்கையைச் செங்குத்தாக மூடி உட்காரும், உணர்கொம்பின் நுனி தடித்திருக்கும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து படிப்பவர்கள் வருட நடுவில் அடுக்குமாடிச் சுவர்களில் பார்க்கும் வால் நீண்ட கரும்பழுப்புப் பூச்சி, வெள்ளைக் கோடு போட்டது, லிசா ஜாம்பா. 2014இல் சிங்கப்பூரில் கூட்டம் கூட்டமாக வந்து செய்தியானது. அதற்கும் உங்கள் வராந்தாப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை.

விஷம் பற்றி. எரிபஸுக்குக் கொடுக்கு கிடையாது, கடிக்கும் தாடையும் கிடையாது. சுருட்டி வைத்திருக்கும் குழலால் பழச்சாறு உறிஞ்சும், அவ்வளவுதான். கண்ணில் செதில் தூள் பட்டால் உறுத்தும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்தத் தூள் தொல்லை தரலாம். குழந்தையின் தொட்டிலுக்கு நேர் மேலே இருந்தால் இடம் மாற்றுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். உண்மையிலேயே அரிப்பு, தடிப்பு வருவது ரோமம் உள்ள புழுக்களால். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்பூச்சியை யாரும் சகுனம் பார்ப்பதில்லை. ஆனால் கை பட்டால் சாயங்காலம் வரை சொறிய வைப்பது அதுதான். துணியும் அப்படித்தான். வளர்ந்த பெரிய அந்துப்பூச்சி எதுவும் பீரோவுக்குள் போய்ச் சேலையைத் தின்னாது. உங்கள் வீட்டுச் சுவரின் கீழ்ப்பக்கம் பாருங்கள், வெள்ளரி விதை போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், மணலும் நூலும் ஒட்டிய சின்னக் கூடு தொங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு முனையிலிருந்து தலை நீண்டு கூட்டை இழுத்துக்கொண்டு நகரும். திருப்பி வைத்தால் மறுமுனையிலிருந்து தலை வரும், இரண்டு பக்கமும் திறப்பு உண்டு. அதுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். ஒட்டடை, முடி, செத்த பூச்சி, கம்பளி இவையெல்லாம் அதன் சாப்பாடு. ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது அதை. துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடித்தால் போதும்.

ஏன் உங்கள் வராந்தாவைத் தேர்ந்தெடுத்தது? இது இரவில் நடமாடும் பூச்சி. பகலில் நிழலும் ஈரப்பதமும் உள்ள, மேலே மறைப்பு உள்ள சுவர் வேண்டும். காட்டில் மரப்பொந்தும் பாறை இடுக்கும் கொடுப்பதை உங்கள் ஓட்டுக் கூரை கொடுக்கிறது. கொல்லையில் பலா விழுந்து புளித்துக் கிடந்தால் அந்த வாசனைக்கு எங்கிருந்தாலும் வரும். விளக்கைத் தேடி வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் விளக்குப் பொறியில் எரிபஸ் விழுவது குறைவு. விளக்கைப் பூச்சிகள் ஏன் சுற்றுகின்றன என்பதற்கு 2024இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. பறக்கும்போது முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது பூச்சிகளின் அனிச்சைச் செயல். இரவில் வானம்தான் வெளிச்சமான பக்கம் என்பதால் அது சரியாக வேலை செய்யும். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அதை வானமென்று நினைத்து முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே ஆய்வில் அரளிச் செடியில் வளரும் பச்சை அந்துப்பூச்சி அப்படி ஏமாறவில்லை என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பூச்சிக்குக் காதும் உண்டு. நம்ப முடியாவிட்டால் ஒன்று செய்து பாருங்கள். பூச்சிக்கு இரண்டடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். சில சமயம் இறக்கை துடிக்கும், சில சமயம் சட்டென்று விழுந்து ஓடும். சாவிகள் உரசும்போது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலியும் வரும். வௌவால் வேட்டைக்கு எழுப்பும் ஒலியும் அந்த வகைதான். எரிபிடே குடும்பத்துக்கு மார்பின் பின்பக்கத்தில் அதைக் கேட்கும் காது இருக்கிறது. வௌவால்தான் இதன் பெரிய எதிரி. பழைய மண்டபங்களில் தரையில் பெரிய பழுப்பு இறக்கைகள் மட்டும் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே தொங்கும் வௌவால் உடம்பைத் தின்றுவிட்டு இறக்கையை உதிர்த்துப் போட்டது அது. வீட்டில் அந்த வேலையைப் பல்லி செய்யும்.

சகுனத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? அத்தையிடம் வாதம் செய்து யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் மெக்சிகோவின் நம்பிக்கையை இணையத்தில் படித்துவிட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்றால், அதே பிளாக் விட்ச் பஹாமாஸ் தீவுகளில் மேலே வந்து உட்கார்ந்தால் பணம் வரும் என்று நம்புகிறார்கள் என்பதையும் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். வேறு பூச்சி, வேறு கண்டம். இரண்டில் எதையும் நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, எடுத்துக்கொண்டே ஆகவேண்டும் என்றால் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே அனுப்ப வேண்டும் என்றால் இறக்கையைப் பிடிக்காதீர்கள், கிழிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு அகலமான பிளாஸ்டிக் டப்பாவைப் பூச்சியின் மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு காலண்டர் அட்டையைச் செருகி, அப்படியே எடுத்துப் போய் மாமரத்தடியில் திறந்துவிடுங்கள். பகலில் விட்டால் காக்கைக்குத்தான் லாபம். கொசு மருந்து அடிப்பது வீண் வேலை. பூச்சி தவித்துச் சுற்றி இன்னும் தூள் கொட்டும், குழந்தை இருக்கும் வீட்டில் அந்த மருந்துதான் பெரிய கெடுதல். மறுபடி வராமல் இருக்க, விழுந்த பலாவையும் மாம்பழத்தையும் அன்றன்றைக்கு அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள்.

இனத்தை உறுதி செய்ய ஆசையிருந்தால் இன்று மாலைக்குள் இன்னொரு படம் எடுங்கள். ஸ்டூலில் ஏறி, பூச்சிக்கு நேர் எதிரே கைப்பேசியைப் பிடித்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து அடித்து எடுங்கள். ஊதா மினுக்கம் இருந்தால் அப்போதுதான் தெரியும். பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்கேலை வைத்தோ, முடியாவிட்டால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டியோ எடுத்தால் அளவும் கிடைத்துவிடும். தேதியையும் ஊரையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் போடுங்கள். அங்கே இந்திய அந்துப்பூச்சிகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் பூச்சி சேகரிக்கப் போய், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளுக்கென்றே 4 தொகுதிகள் எழுதினார். இன்றைக்கும் பல இனங்களுக்கு நாங்கள் புரட்டுவது அதைத்தான். தென்காசியிலிருந்து தேதியோடு ஒரு தெளிவான படம் என்றால் பார்க்கிறவர்களுக்கும் உபயோகமாக இருக்கும். அந்தப் படத்தை இங்கேயும் போடுங்கள், மேக்ராப்ஸா ஹியரோகிளிஃபிகாவா என்று பார்த்துச் சொல்கிறேன்.